ஊதிக் காட்டு

ஆடாமல் படுக்க வேண்டுமாம். இடது அடிவயிற்றில் ஊசியைக் குத்தி, அதிலிருந்து ஒரு குழாயை இழுத்துக் கட்டிலுக்குக் கீழே இருந்த கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு, பிளாஸ்திரியை நாலு பக்கமும் அழுத்தி ஒட்டிவிட்டு, "ஐயா, ஆடாமப் படுங்க. ஊசி நழுவுச்சுன்னா திரும்பக் குத்தணும்" என்று மிரட்டிவிட்டு நர்ஸ் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். ஆடுகிறதற்கு இங்கே என்ன மிச்சம் இருக்கிறது என்று மாயழகு மனசுக்குள் கேட்டான். கேட்டது நர்ஸை இல்லை. கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மடியில் வயர்கூடையை அணைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் அவன் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி இந்திராணியை. அவள் பல மாதமாக அப்படித்தான். முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை, வயிற்றோடுதான் பேச்சு. இந்தப் பாழாய்ப்போன வயிறும் அவளுக்கும் அவனுக்கும் நடுவே பொய்ச்சாட்சி மாதிரி உட்கார்ந்துகொண்டு, ஆமாம் தாயே, உன் புருஷன் குடிக்கிறான், அவன் குடித்துக் குடித்துத்தான் நான் இப்படி ஊதிப்போனேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. எதிர்சாட்சி சொல்ல ஒரு நாதி இல்லை. இன்றைக்கு வருவார். சின்ன டாக்டரம்மா இன்றைக்குப் பரிசோதனை முடிவோடு வருவார். வந்து இவள் முகத்துக்கு நேராக, இந்த ஆள் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கப்புறம் வயிறு வெடித்தாலும் வெடிக்கட்டும், அவனுக்கு ஒன்றுமில்லை.

சொட்டுகிறது. முதலில் நூல் மாதிரி ஓடியது, இப்போது நின்று நின்று சொட்டுகிறது. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் பாட்டில் தெரிகிறது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக, கலங்கலாக. ஒரு மனுஷனின் வயிற்றுக்குள் கழனித் தண்ணீர் எப்படி வந்தது? பக்கத்துக் கட்டில்காரனுக்கும் இதே குழாய்தான், இதே பாட்டில்தான். ஆனால் அவனுடையது விளக்கெண்ணெய் நிறத்தில் தெளிவாக இருக்கிறது. கண்ணிரண்டும் மஞ்சள் கரைத்துவிட்ட மாதிரி இருந்த அந்தப் பயல், மாயழகு வந்து படுத்த அன்றைக்கே உறவு கொண்டாடினான். "அண்ணே, நீங்க பிராந்தியா, ரம்மா?" என்று, என்னமோ சாமி கும்பிடுகிற கோயிலை விசாரிக்கிற மாதிரி விசாரித்தான். குடிக்கிறதில்லை என்றான் மாயழகு. "நானுந்தான் குடிக்கிறதில்லண்ணே, இங்க வந்து சேந்ததுலருந்து" என்று சொல்லி அவன் இருமுகிற வரைக்கும் சிரித்தான். அதைக் கேட்டு வார்டே சிரித்தது. இந்திராணி சிரிக்கவில்லை. அவளும் சிரித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வயர்கூடைக்குள் கையை விட்டு, இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் தெரிந்த அவமானத்தை வெளியூர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்து விரித்துவிட்டானே என்கிற தேடல் அது. அவனுக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷமாக அவள் கை தேடுவதைப் பார்க்கிறவன் அவன். சட்டைப் பையைத் தேடும், பரண் மேல் தேடும், மோட்டார் ரூமுக்குள் தேடும். பாட்டில் கிடைத்த காலமும் உண்டு, இல்லை என்று அவன் சொல்லவில்லை. ஆனால் கிடைக்காத காலத்துக்கு ஒரு கணக்கு வேண்டாமா? ஒன்பது வருஷம் தேடியும் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று அர்த்தம் கிடையாதாம். நன்றாக ஒளிக்கப் படித்துக்கொண்டான் என்று அர்த்தமாம்.

இந்தா, கூடையைத் திறக்கிறாள். தூக்குச்சட்டியின் மூடி கறகறக்கும் சத்தத்திலேயே அவனுக்கு வாய் கசந்தது. உப்பில்லாத கஞ்சி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவன் அனுபவித்துத்தான் சொல்லியிருப்பான். வயிறு வீங்க ஆரம்பித்தபோது ஊரில் பார்த்த டாக்டர் வயிற்றில் இரண்டு விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். குடிப்பீங்களா என்றார். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். முன்னாடி குடிச்சேன் சார், விட்டு ஒம்பது வருஷமாச்சு என்று அரிச்சந்திரன் மாதிரி உண்மையைச் சொன்னான். அதில் முன்பாதியைத்தான் அவர் கேட்டார். பேனா அதோடு நின்றுவிட்டது. ஈரல் போச்சு, உப்பைக் குறை, ஒன்றுக்குப் போக மாத்திரை, குடியை நிறுத்து. நிறுத்திய குடியை எப்படி நிறுத்துவது என்று கேட்க வாயெடுத்தபோது இந்திராணி முந்திக்கொண்டாள். "நிறுத்திருவாக சார், நான் பாத்துக்கிறேன்." அன்றிலிருந்து பார்த்துக்கொள்கிறாள். காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கிறாள், மத்தியானம் உப்பில்லாத சோறு, பொழுது சாய்ந்தால் உப்பில்லாத கஞ்சி. ஈரலுக்கு நல்லதாம். ஈரலுக்கு ஒன்றுமே இல்லையடி பாவி என்று கத்தத் தோன்றும். கத்தினால் குடிகாரன் கத்துகிறான் என்பாள். கத்தாவிட்டால் குடிகாரன் பம்முகிறான் என்பாள். ஊரில் ஒரு தடவை குடிகாரன் என்று பெயர் வாங்கினவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவரில்தான் முட்ட வேண்டும்.

அவன் செய்த தப்பு ஒன்றே ஒன்று. சொல்லாமல் விட்டதுதான் அது. எல்லோரும் கருப்பசாமி கோயிலுக்குப் போய், பெண்டாட்டி பிள்ளை, மாமன் மச்சான் பார்க்க, பூசாரி கையால் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு, இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணி, தேங்காய் உடைத்துக் குடியை விடுகிறார்கள். விட்டு மூன்றாம் மாதம் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் போகிறார்கள். ஆனாலும் அவனவன் பெண்டாட்டி, எங்க வீட்டுக்காரர் கயிறு கட்டியிருக்கார் என்று தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறாள். மாயழகுக்கு அது பிடிக்கவில்லை. நான் குடித்தது எந்தச் சாமியைக் கேட்டு, விடுவதற்கு மட்டும் சாமியைக் கேட்பதற்கு? ஒருநாள் சாயங்காலம் தான் ஓட்டுகிற மதுரை பஸ்ஸைக் கொண்டுவந்து டிப்போவில் விட்டுவிட்டு, வழக்கமான கடை வாசல் வரைக்கும் போனான். உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். மகள் சடங்கில் பந்தலுக்குள் அவன் தடுமாறிச் சீர்த்தட்டு மேல் விழுந்ததும், அந்தப் பிள்ளை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. அதையெல்லாம் எவனிடமும் சொல்வதற்கில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தான். மறுநாளும் போகவில்லை. தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டான். கண் இல்லையா, மூக்கு இல்லையா அவளுக்கு? மூக்கு இருந்தது. நன்றாகவே இருந்தது. அவன் செருப்பைக் கழற்றும்போது வாசலில் வந்து நிற்பாள். சாவியை வாங்குகிற மாதிரி, சட்டையில் என்ன கறை என்று பார்க்கிற மாதிரி, முகத்துக்குப் பக்கத்தில் வருவாள். மூக்குத்துவாரம் இரண்டும் ஒரு கணம் விரியும். அப்புறம் உள்ளே போய்விடுவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். டிப்போவில் தினமும் காலையில் டியூட்டி எடுக்கும் முன்னால் மிஷினில் ஊதுகிறான், பச்சை விளக்கு எரிகிறது, போய்யா என்கிறார்கள். வீட்டிலும் ஒரு மிஷின் இருக்கிறது, அதில் மட்டும் பச்சை எரிவதே இல்லை. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அவள் மூஞ்சிக்கு நேராக, "இந்தா ஊதுறேன், நல்லா மோந்துக்க" என்று ஊதினான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏலக்கா போட்டிருப்பீக" என்றாள். அவன் வாயில் அன்றைக்கு ஏலக்காயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குடித்த காலத்தில் ஏலக்காய் மென்றான், அது வாஸ்தவம். நாறினாலும் குடி, நாறாவிட்டாலும் குடி. இதற்குக் குடித்தே தொலைத்திருக்கலாம். இதில் இன்னொன்று, நினைக்கவே அவனுக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்த ஒன்பது வருஷத்தில் அவள் அவனுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது தினமும் வாசலில் மோந்து பார்க்கிற அந்த ஒரு நிமிஷம்தான். அதற்காகவே சில நாள் செருப்பை மெதுவாகக் கழற்றியிருக்கிறான்.

"வெண்ணெ மாதிரி வருதே, என்னாங்க இது" என்று பாட்டிலைப் பார்த்து இந்திராணி சொன்னாள். அவனிடம் இல்லை, பாட்டிலிடம். அவனுக்கு வலது மணிக்கட்டு அரித்தது. கறுப்புக் கயிறு. கடைசியில் கட்டிவிட்டார்களே. சித்திரையில் வயிறு பெருத்து, டியூட்டிக்கு உட்கார்ந்தால் ஸ்டியரிங் இடிக்கிறது என்று லீவு போட்டபோது, இந்திராணியின் தம்பி ஜெயபாண்டி காரை எடுத்துக்கொண்டு வந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போகிறான் என்று நம்பி ஏறினான். கார் கோயில் வாசலில் நின்றது. "மச்சான், மொதல்ல சாமிகிட்ட சொல்லிருவோம். குடிய விடாம எந்த டாக்டரப் பாத்து என்னா பிரயோசனம்?" என்றான். சின்னப் பயல். மாயழகு மடியில் உட்காரவைத்து பஸ் ஓட்டக் காட்டிய பயல். அங்கே கூட்டம் வரிசையில் நின்றது, குடிகாரன் எல்லாம் குளித்துத் திருநீறு பூசிப் பிள்ளைப்பூச்சி மாதிரி நின்றான்கள். பூசாரி கையைப் பிடித்தார். இனிமே குடிப்பியா என்றார். என்ன சொல்வது? நான் குடிக்கிறதே இல்லை என்று சொன்னால், இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க என்று பின்னால் நின்றவன் சிரிப்பான். இந்திராணி கையைக் கூப்பி, கண்ணை இறுக்க மூடி, உதடு நடுங்க நின்றாள். அந்த உதட்டைப் பார்த்தான். குடிக்க மாட்டேன் சாமி என்றான். சொன்ன வினாடியே தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையில் ஒன்பது வருஷத்தையும் அவனே வாரிக் குப்பையில் போட்டுவிட்டான். நேற்று வரை குடித்தேன் என்று கருப்பன் முன்னால் கையெழுத்துப் போட்ட மாதிரி. காரில் திரும்பும்போது இந்திராணி அழுதாள், சந்தோஷமாம். ஜெயபாண்டி டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயை அவன் மூஞ்சியில் ஊற்றாமல் விட்டதை மாயழகு இன்றைக்கும் நினைத்து வருத்தப்படுகிறான். அன்றைக்கே நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால்? வராமல் இரண்டு மூன்று மாதம் போயிற்று. கயிறு வேலை செய்யட்டும் என்று காத்திருந்தார்கள். கயிறு என்ன செய்யும், வேர்வையில் நனைந்து நாறும்.

வேர்வை. அதுவும் ஒரு கூத்து. உறக்கத்தில் தொப்பலாக நனைந்துவிடுகிறது. தலையணையைப் பிழிந்தால் சொட்டும் போல. உடம்பு கதகதவென்று காய்கிறது, விடிந்தால் ஒன்றுமில்லை. இந்திராணி துண்டால் துடைத்துக்கொண்டே, "சரக்கு இல்லாம ஒடம்பு கேக்குது, தாங்கிக்கங்க" என்பாள். வயிறு பெருத்தது, கை கால் எல்லாம் விளக்குமாற்றுக் குச்சியாகப் போய்விட்டது. சட்டைக் காலர் கழுத்தில் தொங்குகிறது, பித்தான் வயிற்றில் மாட்டவில்லை. இங்கே சின்ன டாக்டரம்மா மட்டும்தான் அந்த வேர்வையைப் பற்றிக் கேட்டார். முதல் நாள் சிரிஞ்சில் கொஞ்சம் இழுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். "ஐயா, ஈரல் கெட்டு வர்ற தண்ணி பொதுவா இப்பிடி இருக்காது. இது பாலு மாதிரி இருக்கு" என்றார். எப்ப குடிச்சீங்க என்று கேட்டார், ஒம்பது வருஷம் முந்தி என்றான். சரி என்றார். வெறும் சரி. நம்புகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, சரி என்று சொல்லிவிட்டு அக்குளிலும் தொடையிடுக்கிலும் விரலால் தடவிப் பார்த்தார். அந்தச் சரிக்கு அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கக்கேடு. ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் நல்லா இருக்கு, உள்ள வேற எடத்துல கட்டி கட்டியா இருக்கு என்றார். ஊசி விட்டு அதில் துளி சதையும் எடுத்தார்கள். டாக்டரம்மா அதைச் சொன்ன நேரம் பார்த்து இந்திராணி வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். வந்தவளிடம், ஈரல் நல்லாருக்காம்டி என்றான். "டாக்டரம்மாகிட்டயும் பொய் சொல்லிட்டீகளா" என்றாள்.

கட்டி கட்டியாக. அந்த வார்த்தை வந்து மாட்டிக்கொள்கிறது. தள்ளினால் போகிறது, கண்ணை மூடினால் திரும்ப வந்து நிற்கிறது. ஆண்டிபட்டிக் கணவாயில் ஒருதரம் நிறைவண்டியோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்தான், மிதி அடிவரைக்கும் போயிற்று. அந்த ஒரு நிமிஷம். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்கள், ஒரு பிள்ளை பாடிக்கொண்டிருந்தது, அவனுக்கு மட்டும் தெரியும். திரும்பிச் சொல்லவும் முடியாது. கியரைக் குறைத்துக் குறைத்து, மண் மேட்டில் ஒட்டி நிறுத்திவிட்டான். அப்போதும் எவனும் நம்பவில்லை, டிரைவர் மப்புல மேட்டுல ஏத்திட்டான் என்றுதான் பேச்சு. என்ன கட்டி? எத்தனை கட்டி? டாக்டரம்மா அதைச் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தினாரா? தாழ்த்தினார். இல்லை, எழுதிக்கொண்டிருந்தார். அதை விடு. ஈரல் நல்லா இருக்கு, அதைப் பிடித்துக்கொள். இவள் காதில் அது விழ வேண்டும். இவள் தம்பி காதிலும் விழ வேண்டும், அதற்காகத்தான் அவனையும் இன்றைக்கு வரச்சொல்லிப் போன் போட்டான். வந்துவிட்டான் பார், செவ்விளநீரோடு, கூலிங்கிளாஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு, எம்எல்ஏ மாதிரி. "எப்பிடி மச்சான் இருக்கீக, கயித்த அவுக்கலையே?" என்று சிரித்தான். சிரிடா. இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொள். வயிறு இறங்க இறங்க மூச்சு லேசாகிக்கொண்டு வந்தது. மூச்சு லேசானால் கோபமும் நன்றாக வருகிறது.

சின்ன டாக்டரம்மா வந்தார். கையில் காகிதம் இருந்தது, ஆனால் அதைப் பார்க்காமல் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் நல்லதற்கில்லை என்று மாயழகின் உடம்பில் எதுவோ சொன்னது. அவன் அதைக் காதில் வாங்கவில்லை. "அம்மா, நீங்களும் பக்கத்துல வாங்க" என்று இந்திராணியைக் கூப்பிட்டார். "இவருக்கு ஈரல்ல ஒண்ணும் இல்லம்மா. வயித்துக்குள்ள நெணநீர் ஓடுற பாதை இருக்கு, வழியில சின்னச் சின்னச் சுரப்பி இருக்கும், நெறி கட்டுதுன்னு சொல்லுவோம்ல, அதான். அது நெறைய எடத்துல வீங்கிப் பாதைய அடைச்சிருச்சு. அடைச்ச நீர் கசிஞ்சுதான் வயித்துல தேங்குது. சாப்பாட்டுல உள்ள கொழுப்பும் அதோட சேந்து வர்றதாலதான் வெள்ளையா இருக்கு. லிம்போமான்னு பேரு. ஒரு வகைப் புத்துநோய். மருந்து இருக்கு, ஊசி போடணும், மருந்துக்குக் கேக்குற வகைதான். ஆனா கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம், ரொம்பப் பரவிருச்சு. இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது." ஜெயபாண்டியின் கையில் இளநீர் அப்படியே நின்றது. தலையிலிருந்து கூலிங்கிளாஸை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். மாயழகு முழங்கையை ஊன்றி எழப்பார்த்தான், ஊசி சுருக்கென்றது. "டாக்டரம்மா, குடிச்சதால வந்தது இல்லதான? அத இவ முன்னாடி சொல்லுங்க. இவன் முன்னாடியும் சொல்லுங்க."

அவர் இந்திராணி பக்கம் திரும்பி, "இதுக்கும் குடிக்கும் சம்பந்தமில்லம்மா. ஈரல் சுத்தமா இருக்கு. அவரு உங்ககிட்ட சொன்னது உண்மைதான்" என்றார்.

இதுதான். ஒன்பது வருஷமாக அவன் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். உள்ளே எதுவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. பார்த்தாயா? இப்போது என்ன சொல்லப் போகிறாய்? ஏலக்காய் என்று சொல்லப் போகிறாயா? நெஞ்சுக்குள் திரட்டி வைத்திருந்த ஏச்சுகள் எல்லாம் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு நாக்குக்கு வந்தன. சேர்த்து அவள் முகத்தில் வீசுவதற்காகத் திரும்பினான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றை இல்லை, முகத்தை. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம். அந்த முகத்தில் அவன் தேடிய தோல்வி இல்லை. வெட்கமும் இல்லை. பூசாரி முன்னால் நடுங்கிய அதே உதடு நடுங்கியது.

"குடிச்சே இருந்திருக்கக் கூடாதா நீங்க?" என்றாள். "குடிச்சிருந்தா விட்டாப் போயிருக்குமே. நான் எப்பிடியாச்சும் விட வச்சிருப்பனே."

டாக்டரம்மா எழுந்து, ஜெயபாண்டியைக் கையைக் காட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனார். குழாயில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கியது. இந்திராணி கூடையைத் தரையில் வைத்தாள். கட்டிலோரமாக வந்தாள், தலையணையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள், அவன் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். மூக்குத்துவாரம் விரிந்தது. மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை போல. இன்னும் நெருங்கி இன்னொரு தரம், ஆழமாக, எங்கேயாவது ஒரு துளி நாற்றமாவது இருந்துவிடாதா என்கிற மாதிரி இழுத்தாள். அவள் கண்ணீர் அவன் மோவாயில் விழுந்தது. சனியன் பிடித்தவளே, இப்போதாவது நம்பித் தொலையேன் என்று திட்டத்தான் வாயைத் திறந்தான். திட்டவில்லை. டிப்போவில் மிஷினுக்கு ஊதுகிற மாதிரி, கன்னத்தை நிரப்பி, நிறுத்தி, நிதானமாக அவள் முகத்தில் ஊதிக் காட்டினான்.